கேட்காமல் மாறும் எண்கள்: கணினி மொழிகளில் வகைமாற்றம் வந்த கதை

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உலகின் இரண்டு மூலைகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் அணாக் கணக்கு போய், நூறு நயா பைசா கொண்ட ரூபாய் வந்தது. அதே மாதத்தில் அமெரிக்காவில், ஐ.பி.எம். 704 என்ற கணினிக்காக எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழி முதன்முதலாக வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் காரியத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் அனுபவித்தார்கள். இரண்டாவது காரியத்தின் பேரன் பேத்திகளான மொழிகளை வைத்துத்தான் நம் பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் சம்பளம் வாங்குகிறார்கள். இரண்டிலும் இருந்த சிக்கல் ஒன்றுதான்: ஒரு வகை எண்ணை இன்னொரு வகை எண்ணாக மாற்றும்போது இடுக்கில் சிந்துகிற மிச்சம் யார் தலையில் விழும்?

அணாவையே முதலில் பார்த்துவிடுவோம், அது எல்லோருக்கும் புரியும். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஒரு அணா என்பது ஆறே கால் நயா பைசா. ஆனால் கால் நயா பைசா என்று நாணயம் கிடையாது. அரசு ஒரு விதி வைத்தது: மாற்றிய பிறகு மிஞ்சும் பின்னம் அரையோ அதற்குக் குறைவோ ஆனால் விட்டுவிடு, அரைக்கு மேல் போனால் ஒன்றாக்கு. அதன்படி ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்குச் சரியாக 25 நயா பைசா. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு அணாச் சாமானை மூன்று தடவை தனித்தனியாக வாங்கினால் 18 பைசா. மூன்றையும் சேர்த்து வாங்கினால் 19 பைசா. பதினாறு தடவை தனித்தனியாக வாங்கினால் 96 பைசாதான் ஆகும், ரூபாய்க்கு நாலு பைசா மிச்சம்! சாமான் மாறவில்லை, விலை மாறவில்லை. எந்த இடத்தில் மாற்றினோம், கூட்டுவதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் மாறியது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால், கீழே வரப்போகிற கணினிச் சமாசாரம் முக்கால்வாசி புரிந்துபோகும்.

கணினிக்குள் எல்லாமே ஒன்றும் பூஜ்யமுமான துகள்கள்தான் என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தத் துகள் வரிசையை முழு எண்ணாகப் படிப்பதா, புள்ளி வைத்த பின்ன எண்ணாகப் படிப்பதா, எழுத்தாகப் படிப்பதா என்று சொல்கிற முத்திரைக்குத்தான் 'தரவு வகை' என்று பெயர். 25 என்ற முழு எண்ணும் 25.0 என்ற புள்ளி எண்ணும் '25' என்ற எழுத்துச் சரமும் மனிதக் கண்ணுக்கு ஒன்று. இயந்திரத்துக்கு மூன்றும் மூன்று ஜாதி. ஒரு ஜாதியையும் இன்னொரு ஜாதியையும் கூட்டச் சொன்னால் என்ன செய்வது? முடியாது போ என்று மறுக்கலாம். 'நீயே மாற்றிக் கொடு' என்று நிரல் எழுதுபவரைக் கேட்கலாம். இல்லை, கேட்காமல் கொள்ளாமல் தானே மாற்றிக்கொண்டு வேலையை முடிக்கலாம். இந்த மூன்றாவது வழிதான் மறைமுக வகைமாற்றம். கணினி மொழிகளின் எழுபது வருஷ வரலாற்றை இந்த மூன்று வழிகளுக்கு இடையே நடந்த இழுபறி என்றே எழுதிவிடலாம்.

ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸ் குழுவினருக்கு இந்த விஷயத்தில் தத்துவம் ஒன்றும் பெரிதாக இல்லை. விஞ்ஞானிகள் காகிதத்தில் எழுதுகிற சூத்திரத்தை அப்படியே அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் இயந்திரம் வேகமாகக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். மாறியின் வகையைத் தனியே அறிவிக்கக்கூட அவர்கள் கேட்கவில்லை. பெயரின் முதல் எழுத்தே போதும்: ஆங்கிலத்தின் ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண், மற்றதெல்லாம் புள்ளி எண். கணிதத்தில் ஐ, ஜே, என் எல்லாம் வரிசை எண்ணுக்கு வழங்குபவை, அந்தப் பழக்கத்தில் வந்தது. இதை வைத்துப் பின்னாளில் ஒரு சிலேடை பரவியது. ஃபோர்ட்ரானில் புள்ளி எண்ணுக்கு 'ரியல்' என்று பெயர். 'காட்' என்ற சொல் ஜி எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே வேறு மாதிரி அறிவிக்காத வரையில் கடவுள் 'ரியல்', அதாவது மெய்! நாத்திகரும் ஆத்திகரும் சேர்ந்து சிரித்த அபூர்வமான ஹாஸ்யம் அது.

சிரிக்க முடியாத விஷயம் வகுத்தலில் இருந்தது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணே என்று ஃபோர்ட்ரான் வைத்தது. பின்னம் வெட்டி எறியப்படும். அறுபதுக்கு நாற்பத்தைந்து மார்க் வாங்கிய பையனுக்குச் சதவீதம் போட வேண்டும் என்று வையுங்கள். 45/60*100 என்று எழுதினால் முதலில் 45/60 என்பது 0 ஆகும், அப்புறம் நூறால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதையே 100*45/60 என்று எழுதினால் 75. பையன் பாஸா ஃபெயிலா என்பதை அவன் படிப்பு தீர்மானிக்கவில்லை, பெருக்கல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது தீர்மானித்தது. விடையைப் புள்ளி எண் மாறி ஒன்றில் போட்டு வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வலது பக்கத்துக் கணக்கு முழு எண்ணாகவே முடிந்து, பூஜ்யமான பிறகுதான் அது 0.0 என்று மாறி இடது பக்கம் போய் உட்காரும். மூன்று அணாச் சமாசாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

ஆனால் ஒரு விஷயத்தில் முதல் ஃபோர்ட்ரான் கண்டிப்பாக இருந்தது. ஒரே கோவையில் முழு எண்ணையும் புள்ளி எண்ணையும் கலந்து கூட்டக் கூடாது. அடுக்கு போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. 1966-இல் வந்த அமெரிக்கத் தரமும் இந்தக் கலப்பை அனுமதிக்கவில்லை. ஃபோர்ட்ரான் 77 என்று பெயர் பெற்ற அடுத்த தரம்தான் அதிகாரபூர்வமாகக் கதவைத் திறந்தது. நடுவில் பல கணினிகளில் கம்பைலர்கள் தரத்தைக் கேட்காமலே அனுமதித்துவிட்டன. வாடிக்கையாளர் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

நம் நாட்டில் இந்த மொழியைப் பரப்பிய கதையில், வெளிமாநிலத் தமிழரான நாம் கொஞ்சம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இடம் உண்டு. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. அங்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் பேராசிரியர் வி. ராஜாராமன். ஈரோட்டில் 1933-இல் பிறந்தவர். வளர்ந்ததும் பள்ளி, கல்லூரி படித்ததும் தில்லியில். தில்லிவாழ் தமிழர்கள் நடத்திய பள்ளியின் மாணவர். கான்பூரிலும் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் இருந்துகொண்டு அவர் எழுதிய மலிவு விலைப் பாடநூல்களை வைத்து அந்தக் காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் ஃபோர்ட்ரான் வகுப்பு நடந்தது. 1998-இல் பத்மபூஷண் பெற்றார். ஒன்றை இரண்டால் வகுத்தால் பூஜ்யம் என்று கேட்டு வகுப்பில் வாயைப் பிளந்த தலைமுறை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்றால், அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அட்டையில் துளைபோட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்காக மறுநாள் வரை காத்திருந்து, வந்த தாளில் வரிசையாகப் பூஜ்யங்களைப் பார்த்தவர்கள் இன்று தாத்தாக்களாக நம் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபோர்ட்ரான் கஞ்சத்தனம் என்றால், அடுத்து வந்த பி.எல்.ஒன் ஊதாரித்தனம். 1964-இல் திட்டமிட்டு 1966-இல் ஐ.பி.எம். வெளியிட்ட மொழி இது. விஞ்ஞானக் கணக்கு, வியாபாரக் கணக்கு இரண்டுக்கும் ஒரே மொழி என்பது ஆசை. எந்த வகையையும் எந்த வகையாகவும் மாற்றலாம். எழுதுபவர் என்ன எழுதினாலும் ஏதோ ஒரு அர்த்தம் கற்பித்து ஓட்டிவிட வேண்டும், பிழை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காலத்து நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் காட்டிப் பயமுறுத்திய கணக்கு ஒன்று உண்டு: 25 + 1/3. சின்னப் பிள்ளைகூட 25.333 என்று சொல்லும். பி.எல்.ஒன் சொன்ன விடை 5.333.

எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் எந்த இடத்திலும் இயந்திரம் தப்புப் பண்ணவில்லை. அந்தக் கம்பைலரில் ஒரு தசம எண்ணுக்கு அதிகபட்சம் பதினைந்து இலக்கம் இடம். ஒன்றை மூன்றால் வகுத்தபோது எவ்வளவு துல்லியம் முடியுமோ அவ்வளவும் கொடுப்போம் என்று விதி. ஆகவே புள்ளிக்கு முன்னால் ஒரு இலக்கம், புள்ளிக்குப் பின்னால் பதினான்கு மூன்றுகள். இப்போது இதனுடன் 25-ஐக் கூட்ட வேண்டும். கூட்டும்போது புள்ளிக்குப் பின் இருக்கும் இலக்கங்களைக் குறைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பதினைந்தில் பதினான்கு அங்கே போய்விட்டது. புள்ளிக்கு முன்னால் மீதி ஒரே ஒரு இடம். இருபத்தைந்தில் இரண்டுக்கு இடம் இல்லை. அது வழிந்து கீழே விழுந்தது. மிஞ்சியது ஐந்து. இடம் வழிந்தது என்று எச்சரிக்கும் ஏற்பாடு மொழியில் இருந்தது, ஆனால் அதை அணைத்து வைத்திருந்தால் சத்தமே வராது. விதிகள் தனித்தனியே நியாயம், சேர்த்தால் அநியாயம். இருபது ரூபாய் தொலைந்துபோய், காலணாவுக்குப் பதினான்கு இலக்கத் துல்லியம் காப்பாற்றப்பட்டிருக்கிறது!

இன்னொன்று. 7 < 6 < 5 என்று எழுதினால் பி.எல்.ஒன் 'உண்மை' என்று சொல்லும். முதலில் 7 < 6 பொய், பொய் என்றால் 0. அந்த 0 எண்ணாக மாறி 5-உடன் ஒப்பிடப்படும்; 0 < 5 மெய். சி மொழியிலும் இதே கதைதான். 1972-இல் டியூரிங் பரிசு உரையில் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா இந்த மொழியைக் காக்பிட்டில் ஏழாயிரம் பொத்தானும் விசையும் உள்ள விமானத்தை ஓட்டுவதற்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார். அவர் நாக்கு எப்போதுமே கொஞ்சம் காரம்தான். இந்தத் தடவை அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆத்ரியான் வான் வைங்கார்டன் தலைமையில் உருவான அல்கால் 68, மறைமுக மாற்றத்துக்கு 'கோயர்ஷன்' என்று பெயர் வைத்தது. வலிந்து மாற்றல் என்று தமிழில் சொல்லலாம். இன்றும் உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் வழங்குகிறது. பெயரை விட முக்கியம் அவர்கள் செய்த ஒழுங்கு. மாற்றங்கள் மொத்தம் ஆறு வகை என்று வகுத்தார்கள். நிரலில் ஒரு சொல் நிற்கும் இடத்தை வலுவான இடம், உறுதியான இடம், மென்மையான இடம் என்றெல்லாம் தரம் பிரித்து, இன்ன இடத்தில் இன்ன மாற்றம்தான் நிகழலாம் என்று கட்டினார்கள். முழு எண் புள்ளி எண்ணாக விரிவது வலுவான இடத்தில் மட்டும். புள்ளி எண் முழு எண்ணாகச் சுருங்குவது எங்கேயும் தானாக நடக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்குப் புணர்ச்சி விதி ஞாபகம் வராமல் இருக்காது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். யாரும் கட்டளை போடவில்லை, தானாக மாறுகிறது. அதுவும் வேற்றுமையா அல்வழியா என்று இடம் பார்த்து மாறுகிறது. ஆனால் நம் புணர்ச்சியில் ஒரு பாதுகாப்பு உண்டு: பொற்குடத்தைப் பிரித்தால் பொன்னும் குடமும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். கணினியில் 7.9 என்பது 7 ஆகிவிட்டால் அந்த .9 போனது போனதுதான். பிரித்தெழுதுக என்று கேட்டால் விடை கிடையாது. அல்கால்காரர்கள் இந்த வித்தியாசத்தை உணர்ந்துதான் விரிவதையும் சுருங்குவதையும் தனித்தனியாக நடத்தினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவம், அவர்கள் எழுதிய அறிக்கை படிக்க அவ்வளவு கடினம். மொழியை அதிகம் பேர் உபயோகிக்கவில்லை. சொல் மட்டும் நிலைத்தது.

உலகம் உபயோகித்தது சி மொழியைத்தான். அது பிறந்த வீட்டைப் பார்த்தால் அதன் குணம் புரியும். அதன் முன்னோர்களான பி.சி.பி.எல்., பி இரண்டிலும் தரவு வகையே கிடையாது; எல்லாம் ஒரே அளவுள்ள ஒரு சொல். பெல் ஆய்வுக்கூடத்தில் பி.டி.பி.-11 கணினி வந்தபோது எழுத்துக்குச் சின்ன இடம், எண்ணுக்குப் பெரிய இடம் என்று பிரிக்க வேண்டி வந்தது. டென்னிஸ் ரிச்சி 1971, 72 வாக்கில் பி மொழிக்கு வகைகளைச் சேர்த்துச் சி ஆக்கினார். கூட்டுக்குடும்பத்தில் எல்லாம் பொது என்று வளர்ந்தவர்களுக்குத் தனிக்குடித்தனத்தில் கதவைச் சாத்தத் தெரியாது இல்லையா, அப்படித்தான் சியும். எழுத்து எண்ணாகும், எண் எழுத்தாகும், முழு எண் புள்ளி எண்ணாகும், ஒருவரும் கேட்பதில்லை.

இதில் அதிக ரத்தம் குடித்தது குறியில்லா எண். மைனஸே வராத எண் வகை அது. சியில் குறியுள்ள எண்ணும் குறியில்லா எண்ணும் ஒப்பிடப்பட்டால் குறியுள்ளது குறியில்லாததாக மாறும். -1 என்பது 1-ஐ விடச் சிறிதா என்று கேட்டால், அந்த 1 குறியில்லாததாக இருந்தால், 'இல்லை' என்று பதில் வரும். ஏனென்றால் 32 துகள் எண்ணில் -1 மாறி 4294967295 ஆகிவிட்டது. ஸ்கூட்டர் மீட்டரில் 00000-இலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் சுற்றினால் 99999 காட்டுமே, அதே கதை. ஓர் உதாரணம்: வரும் தகவலின் நீளம் நூறுக்கு மேல் போகக் கூடாது என்று நிரலில் சோதனை வைத்திருக்கிறோம். திருட்டு நோக்கத்தோடு ஒருவர் நீளம் -1 என்று அனுப்புகிறார். -1 நூறை விடச் சிறிது, சோதனை பாஸ். அடுத்த வரியில் நகலெடுக்கும் செயல்கூறு நீளத்தைக் குறியில்லா எண்ணாக வாங்குகிறது. நானூறு கோடிக்கு மேல்! நினைவகம் நிரம்பி வழிந்து அடுத்தவர் வீட்டுக்குள் போகிறது. வாசலில் காவல்காரர் இருந்தார், பையைத் திறந்தும் பார்த்தார். பைக்குள் இருந்தது உள்ளே போன பிறகு வேறு பொருளாக மாறியது. இந்த ரகப் பாதுகாப்பு ஓட்டைகள் கணினி உலகில் இன்னும் தீரவில்லை.

சின்னக் குறியில்லா எண் பெரிதாகும்போது குறியைப் பெற வேண்டுமா, குறியில்லாமலே இருக்க வேண்டுமா என்று சி பேசும் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. 1989-இல் அமெரிக்கத் தரக் குழு, மதிப்பைக் காப்பாற்றும் கட்சிக்குத் தீர்ப்புச் சொன்னது. புழக்கத்தில் இருந்த வழக்கத்தில் தாங்கள் செய்த மாற்றங்களிலேயே இதுதான் மிகப் பெரியது என்று அக்குழுவே எழுதி வைத்தது.

இதற்கெல்லாம் மறுபக்கம் ஏடா மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாகி 1983-இல் தரம் பெற்றது. முழு எண்ணையும் புள்ளி எண்ணையும் கூட்டினால் முகத்தில் அறைந்தாற்போல் மறுக்கும். மாற்றம் வேண்டுமா, எழுத்தில் எழுதிக் கேள். அப்படியானால் விபத்தே நடக்காதா? இங்கேதான் பலரும் தப்பாகச் சொல்லும் கதை ஒன்றைத் திருத்த வேண்டும்.

1996 ஜூன் 4 அன்று தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 37 விநாடியில் அதன் திசையறியும் கருவிகள் இரண்டும் செயலிழந்தன. ராக்கெட் திடீரென்று வளைந்து, உடைந்து, வெடித்தது. சுமந்துபோன நான்கு கிளஸ்டர் விண்கலங்களும் போயின. காரணம், 64 துகள் புள்ளி எண் ஒன்றை 16 துகள் முழு எண்ணாக மாற்றியபோது அது 32767-க்கு மேல் போய்விட்டது. 'பார்த்தீர்களா, மறைமுக வகைமாற்றம் செய்த வேலை' என்று மேடைகளில் இதைச் சொல்வார்கள். இல்லை. அந்த நிரல் ஏடாவில் எழுதப்பட்டது. மாற்றம் கேட்டுத்தான் செய்யப்பட்டது. கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் கொடுத்த அறிக்கையில் விவரம் இருக்கிறது: மாற்றத்துக்கு உள்ளான ஏழு மாறிகளில் நான்குக்கு எல்லை மீறல் பாதுகாப்பு இருந்தது, மூன்றுக்கு இல்லை. கணினியின் வேலைப்பளு எண்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக விட்டிருந்தார்கள். ஏரியன் 4-இல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வாய்ப்பே இல்லை. ஏரியன் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகரும் ராக்கெட். பழைய நிரலை அப்படியே தூக்கி வைத்தார்கள். அதிலும் கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் சற்று முன்னதாகவே படுத்துவிட்டிருந்தது.

ஆகவே 'கேட்டு மாற்று' என்று மொழி கட்டாயப்படுத்துவது பாதி வேலைதான். மாற்றப்படும் எண் புது இடத்தில் அடங்குமா என்பதை மொழி கேட்டுத் தராது. அது ஆள் யோசிக்க வேண்டியது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மறைமுக மாற்றத்தைத் திட்டுகிறவர்கள் எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

திட்டுவதற்குத் தகுதியான இடம் இணையம். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். வலைப்பக்கத்தின் கட்டத்தில் நாம் எதைத் தட்டினாலும் அது எழுத்துச் சரமாகத்தான் வரும். கூட்டல் குறி அந்த மொழியில் எண்ணைக் கூட்டவும் செய்யும், சரத்தை ஒட்டவும் செய்யும். ஒரு பக்கம் சரம் இருந்தால் ஒட்டல்தான். பொங்கல் விழாச் சாப்பாட்டுக்குப் பெரியவர் 2, குழந்தைகள் 3 என்று ஒரு குடும்பம் பதிவு செய்தால், கவனமில்லாமல் எழுதிய நிரல் 23 இலை போடச் சொல்லும். கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை கிடையாது என்பதால் '3' - '2' மட்டும் ஒழுங்காக 1 ஆகும். கூட்டத் தெரியாது, கழிக்க மட்டும் தெரியும் என்றால் நம் வீட்டில் என்ன சொல்வோம்?

சமக்குறியின் கதை இன்னும் வேடிக்கை. எண்ணையும், அதே எண்ணை எழுதிய சரத்தையும் ஒப்பிட்டால் சமம் என்று வர வேண்டும் என்று ஆரம்பகாலத்தில் உள்ளிருந்தவர்களே கேட்டார்கள், தாம் இணங்கியது தவறு என்று ஐக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளைவு: வெற்றுச் சரம் பூஜ்யத்துக்குச் சமம், '0' என்ற சரமும் பூஜ்யத்துக்குச் சமம், ஆனால் வெற்றுச் சரமும் '0'-வும் ஒன்றுக்கொன்று சமம் அல்ல. யூக்ளிட் காலத்திலிருந்து நாம் நம்பிவந்த விதியே ஆட்டம் கண்டது. 1997-இல் ஒரு பதிப்பில் இதை மாற்றிப் பார்த்து, அதற்குள் வெளியான தரத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று பழையபடியே திரும்பினார்கள். 1999-இன் மூன்றாம் பதிப்புத் தரம் மூன்று கோடு கொண்ட சமக்குறி ஒன்றைச் சேர்த்தது. அது வகையை மாற்றாமல் ஒப்பிடும். பழைய இரண்டு கோட்டை நீக்க முடியாது. கோடிக்கணக்கான பக்கங்கள் அதன்மேல் நிற்கின்றன.

மற்ற மொழிகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். 1987-இல் வந்த பெர்ல், கூட்டலுக்கு ஒரு குறி, ஒட்டலுக்கு வேறு குறி என்று பிரித்தது. எனக்குப் பிடித்த தீர்வு. பி.எச்.பி.யில் பூஜ்யத்தை எந்தப் பெயரோடு ஒப்பிட்டாலும் சமம் என்று வந்த கூத்து 2020 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பில்தான் நின்றது. பைதான் 2008 டிசம்பரில் தன் மூன்றாம் பதிப்பில் 1/2 என்பதை 0.5 ஆக்கியது. ஃபோர்ட்ரான் பிறந்து ஐம்பத்தோரு வருஷம் கழித்து! அந்தப் பதிப்பு செய்த பல மாற்றங்களையும் ஏற்று உலகம் இடம்பெயர ஏறக்குறைய பத்து வருஷம் பிடித்தது. 2009-இல் அறிமுகமான கோ, 2015-இல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட் இரண்டும் எண் வகைகளுக்குள் மறைமுக மாற்றமே கிடையாது என்று கதவைச் சாத்தின.

மாநிலம் தாண்டி வாழும் நமக்கு இந்த வியாதி எண்ணில் மட்டும் இல்லை, பெயரிலும் உண்டு. கு. முருகேசன் என்று ஊரில் எழுதினால் குப்பு சாமியின் மகன் என்று அர்த்தம். இங்கே விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்தால் கணினி நகராது. முதலெழுத்தை விரித்து அங்கே போடுகிறோம். அன்றிலிருந்து மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் 'மிஸ்டர் குப்புசாமி' என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் புரையேறும். பேரனுக்கு அப்பா பெயரும் சேர்ந்து ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று 'குடும்பப் பெயர்'. இந்த மாற்றத்துக்கும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி என்று இரண்டு கிடைத்த பிறகுதான் தெரியவரும், அதற்குள் பிள்ளை வெளிநாட்டுக்கு விசா கேட்டு வரிசையில் நிற்பான்.

நிரலே எழுதாதவர்களும் இந்த மாற்றத்தோடு தினம் மோதுகிற இடம் எக்செல் போன்ற விரிதாள்கள். கட்டத்தில் எதைத் தட்டினாலும் இது தேதியா எண்ணா என்று ஊகித்து மாற்றிவிடும். மனித மரபணுக்களில் செப்டின் குடும்பத்தை 'செப்ட்1', 'செப்ட்2' என்றும், இன்னொரு குடும்பத்தை 'மார்ச்1' என்றும் விஞ்ஞானிகள் சுருக்கி அழைத்துவந்தார்கள். எக்செல் அவற்றைச் செப்டம்பர் முதல் தேதி, மார்ச் முதல் தேதி என்று ஆக்கிவிட்டது. 2004-லேயே ஓர் ஆய்விதழ்க் கட்டுரை இதை எச்சரித்தது. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சி உட்பட எத்தனையோ வேலைக்குப் பயன்படும் பட்டியல்கள் இவை. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மென்பொருள் மாறும் என்று காத்திராமல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. 'செப்ட்1' இப்போது 'செப்டின்1'. 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1'. தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் கொடுத்தது.

நம் சங்க உறுப்பினர் பட்டியலை எந்தத் தம்பி தங்கை தட்டச்சு செய்தாலும் இதையே சந்திப்பார்கள். 044, 022 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணில் முன்பூஜ்யம் காணாமல் போகும், ஏனென்றால் எண்ணுக்கு முன்னால் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. பன்னிரண்டு இலக்க ஆதார் எண் பெருக்கல் அடுக்கு வடிவில் சுருங்கிக் காட்சி தரும். அது வெறும் தோற்றம், உள்ளே எண் பத்திரமாக இருக்கும். ஆனால் பதினாறு இலக்க அட்டை எண் அல்லது வங்கிக் கணக்கு எண் என்றால் உண்மையிலேயே போச்சு: எக்செல் பதினைந்து இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப வராது. தட்டச்சு தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று வகை மாற்றிவிட வேண்டும். அல்லது ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று தட்ட வேண்டும். தட்டி முடித்த பிறகு வகையை மாற்றினால் போன இலக்கம் வராது, தாளில் இருந்து மறுபடி பார்த்துத்தான் எழுத வேண்டும்.